ஓய்வுநாளில் சூப் சுட வைக்கலாமா?

கேள்வி: எருசலேமில் ஒரு யூத மூதாட்டியின் வீட்டோடு தங்கி அவரைப் பராமரிக்கிறேன். 'சவ்தா' என்றுதான் கூப்பிடுவேன். பாட்டி என்று அர்த்தம். ஊரில் நாங்கள் சி.எஸ்.ஐ. இங்கே சனிக்கிழமை காலை சவ்தாவின் மகள் வந்திருக்கும் மூன்று மணி நேரத்தில், மேசியானிய யூதர்களின், அதாவது இயேசுவை மேசியாவாக ஏற்ற யூதர்களின், சபைக்குப் போய்வருகிறேன். அங்கே பழக்கமான ஒரு சகோதரி, "யெசுவா (இயேசு) தோராவை, அதாவது மோசேயின் நியாயப்பிரமாணத்தை, கைக்கொண்டார், நீயும் கைக்கொள்ள வேண்டும். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டுவது பாவம். ஞாயிறு ஆராதனையே கான்ஸ்டன்டைன் ராஜா கொண்டுவந்ததுதான்" என்கிறார். சனிக்கிழமையும் நான் சவ்தாவுக்குச் சர்க்கரை பார்த்து ஊசி போட வேண்டும், சூப் சுட வைக்க வேண்டும். நான் செய்வது பாவமா? ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவது தப்பு என்று அம்மாவிடமும் போனில் சொல்லிவிட்டேன். அம்மா அழுதுவிட்டார்.

- ஒரு வாசகி

பதில்: அன்புச் சகோதரி, சூப்பைச் சுட வையுங்கள். ஊசியையும் நேரத்துக்குப் போடுங்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். இதை நினைத்து நீங்கள் இன்னொரு சனிக்கிழமை கலங்கக் கூடாது.

ஓய்வுநாளை மிகக் கண்டிப்பாக அனுசரிக்கும் ரபீக்களே, உயிருக்கு ஆபத்து என்று வந்தால் ஓய்வுநாள் சட்டம் விலகி நிற்க வேண்டும் என்கிறார்கள். 'பிக்குவாஹ் நெஃபெஷ்' என்று அதற்குப் பெயர். இயேசுவும் ஜெப ஆலயத்தில், 18 வருடம் கூனியாக இருந்த பெண்ணை ஓய்வுநாளில்தான் நிமிர்த்தினார். கோபப்பட்டவர்களிடம், உங்கள் மாட்டையும் கழுதையையும் இன்றைக்கு அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே என்று கேட்டார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம் என்றால், சர்க்கரை ஏறித் தவிக்கும் கிழவிக்கு ஊசி போடக் கூடாதா?

இனி உங்கள் சபைச் சகோதரி சொன்னது. அதை நான் தள்ளிவிட மாட்டேன். இயேசு தோராவுக்குள் வாழ்ந்த யூதர். ஓய்வுநாளில் ஜெப ஆலயத்துக்குப் போவது அவருடைய வழக்கம் என்று லூக்கா எழுதுகிறார். நியாயப்பிரமாணத்தை அழிக்க வரவில்லை என்று அவரே சொன்னார். மேசியாவை ஏற்றுக்கொண்ட ஒரு யூதர் வெள்ளி மாலை விளக்கேற்றி, அப்பத்தையும் திராட்சரசத்தையும் ஆசீர்வதித்து ஓய்வுநாளுக்குள் போகிறார் என்றால், அது அவருடைய முன்னோரோடு தேவன் செய்த உடன்படிக்கை. யாத்திராகமம் 31 அதை இஸ்ரவேல் புத்திரருக்கான அடையாளம் என்கிறது. இந்த அடையாளத்தை விட்டுவிட்டு வா என்று சபை எத்தனையோ நூற்றாண்டு யூத விசுவாசிகளை நெருக்கியது. 4-ஆம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கம், கிறிஸ்தவர்கள் சனிக்கிழமை ஓய்ந்திருக்கக் கூடாது என்று விதியே போட்டது. அந்தக் காயம் உங்கள் சகோதரியின் பேச்சில் இருக்கலாம். அதை மதியுங்கள்.

ஆனால் நீங்களும் நானும் யூதர்கள் இல்லை. இதே கேள்வி உங்கள் ஊரிலேயே, எருசலேமிலேயே, கி.பி. 49 வாக்கில் வந்துவிட்டது. அப்போஸ்தலர் 15-ஐ நிதானமாகப் படியுங்கள். எருசலேம் சபையை நடத்திய யாக்கோபின் யோசனைப்படி, புறஜாதி விசுவாசிகளிடம், அதாவது யூதரல்லாதவர்களிடம், கேட்டது நான்கு காரியம்: விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் இவற்றுக்கு விலகியிருக்க வேண்டும். ஓய்வுநாள் அந்தப் பட்டியலில் இல்லை. 'மோசேயின் ஆகமம் ஓய்வுநாள்தோறும் வாசிக்கப்படுகிறதே, மீதியை அங்கே போய்க் கற்றுக்கொள்ளட்டும் என்றுதானே அர்த்தம்' என்று சிலர் 21-ஆம் வசனத்தைக் காட்டுவார்கள். யோசிக்க வேண்டிய கேள்விதான். அப்படியே 21-ஆம் அதிகாரத்துக்கும் போங்கள். பல வருடம் கழித்து அதே யாக்கோபு பவுலிடம் பேசுகிறார். விசுவாசிகளான யூதர்கள் எல்லாரும் நியாயப்பிரமாணத்தில் வைராக்கியமாக இருக்கிறார்கள் என்று சந்தோஷமாகச் சொல்கிறார். புறஜாதியாருக்கோ அன்றைக்கு எழுதி அனுப்பியது அப்படியே நிற்கிறது என்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே மேசியா. மேலே வைத்த பொறுப்பு வேறு வேறு. மேசியானிய யூதர்களிலும் பலர் இப்படித்தான் போதிக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்பவர்கள் ஒரு பிரிவினர்.

கான்ஸ்டன்டைன் விஷயம் சரியில்லை. 321-இல் ரோமப் பேரரசரான அவர் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக அறிவித்தது உண்மை. ஆனால் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, ஞாயிற்றுக்கிழமை கூடி, வாசித்து, அப்பம் பிட்டதை 2-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் எழுதி வைத்திருக்கிறார். அதே ஜஸ்டின், நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ளும் யூத விசுவாசியைச் சகோதரனாக ஏற்கிறேன், மற்றவர்களைக் கட்டாயப்படுத்தாதவரை, என்றும் எழுதினார். இத்தனை வருடம் கழித்தும் என்னால் அதைவிடச் சரியாகச் சொல்ல முடியவில்லை.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் உறுத்தியது வேறு. வாரத்துக்கு மூன்று மணி நேரம்தானா உங்களுக்கு? உபாகமம் 5-ஐ எடுத்துப் பாருங்கள். ஓய்வுநாள் கட்டளையில் வேலைக்காரனும் வேலைக்காரியும் வாசல்களுக்குள் இருக்கும் அந்நியனும் பேர் சொல்லி வருகிறார்கள். அவர்களும் உன்னைப்போல் இளைப்பாற வேண்டும், நீ எகிப்தில் அடிமையாக இருந்ததை நினை என்கிறது தோரா. சகோதரி, அந்த வேலைக்காரியும் அந்நியளும் நீங்கள்தான். உங்கள் தோளில் வைக்கவா இந்தக் கட்டளை வந்தது? உங்களை உட்கார வைக்க வந்தது. இஸ்ரேலின் 1951-ஆம் ஆண்டு வேலை, ஓய்வு நேரச் சட்டமும், யூதரல்லாதவர் தம் வழக்கப்படி வெள்ளி, சனி, ஞாயிறு இவற்றில் ஒன்றை வார ஓய்வாகக் கொள்ளலாம் என்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் வார ஓய்வு பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு சவ்தாவின் மகளிடம் பேசுங்கள். தயங்காமல் உபாகமத்தையும் சொல்லுங்கள். அது அவர்கள் வீட்டு வேதம்.

எருசலேமில் ஒரு வெள்ளி மாலை அப்படியொரு வீட்டில் இருந்திருக்கிறேன். ஊர் முழுக்கச் சைரன் கேட்டதும் தெருவில் பஸ் சத்தம் நின்றது. சமையலறையில் 'பிளாத்தா' என்ற மின்தட்டு மதியமே சூடாகியிருந்தது. அதன்மேல் மூடிய பாத்திரங்கள், அவற்றின்மேல் மடித்த துண்டு. மறுநாள் மதியம் மூடியைத் திறந்தபோதும் ஆவி வந்தது. சவ்தா வீட்டிலும் பிளாத்தா இருக்கும். வெள்ளிக்கிழமையே சூப்பை அதில் ஏற்றிவிடுங்கள். அவர் மனதுக்கும் நிறைவாக இருக்கும், உங்களுக்கும் ஒரு வேலை குறையும். பாவத்துக்குப் பயந்து இல்லை, அந்த வீட்டின் நாளை மதித்து.

அப்புறம், அம்மா. அவர் பாவத்தில் இல்லை. ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், ஒருவன் எல்லா நாளையும் சமமாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயப்படட்டும் என்று ரோமர் 14-இல் பவுலே விட்டுவிட்டார். வரும் ஞாயிறு அம்மா கோயிலிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து போன் போடுங்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டு, இன்றைக்கு என்ன பாட்டுப் பாடினீர்கள் என்று கேளுங்கள்.