பாட்டு எப்படிச் சாட்சியாகும்?

அன்புள்ள ஐயா,

கனடாவின் டெல்கமூக் நில உரிமை வழக்கில் பழங்குடிகளின் பாட்டையும் கதையையும் சாட்சியமாக ஏற்றதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். நான் சிவில் வழக்கறிஞன், எனக்கு உறுத்துகிறது. மூலப்பத்திரம் இல்லாமல் "தாத்தா சொன்னார்" என்று வந்து நின்றால் போதுமென்றால், நாளைக்கு யாரும் எந்த நிலத்தையும் கேட்கலாமே?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

நியாயமான சந்தேகம்தான். ஆனால் அந்தக் கதைகளை யார் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் வாழும் கிட்க்ஸான் பழங்குடி மக்களிடம் ‘அதாவ்க்’ என்னும் வாய்மொழி வரலாறு ஒரு குலவீட்டின், அதாவது ஒரு உறவுக் குழுவின், சொத்து. அந்த வீட்டார் எங்கிருந்து வந்தார்கள், எந்த ஆறு எந்த மலைவரை அவர்கள் எல்லை, அது எப்படிக் கிடைத்தது எல்லாம் அதில் இருக்கும். அடுத்த வீட்டு வரலாற்றை நீங்கள் எடுத்துச் சொல்ல உரிமை கிடையாது. ஒரு தலைவர் இறந்து அவருடைய பட்டப்பெயரை இன்னொருவர் ஏற்கும்போது பெரிய விருந்து வைப்பார்கள், மற்ற வீடுகளின் தலைவர்கள் வந்து உட்கார்ந்திருக்க அவர்கள் முன்னால்தான் வரலாறும் எல்லையும் சொல்லப்படும், பிசகினால் மறுக்க வேண்டியவர்கள் எதிரிலேயே இருக்கிறார்கள். வந்தவர்களுக்குப் பணமும் பொருளும் கொடுப்பது வெறும் உபசாரம் இல்லை, சாட்சியாக இருந்ததற்கு. நம் பத்திரப்பதிவில் இரண்டு சாட்சி போதும், அங்கே சபை முழுக்கச் சாட்சி.

இதையெல்லாம் கோர்ட்டில் விளக்கினார்கள். கிட்க்ஸான் மக்களின் தலைவர்களும் அவர்களுடைய அண்டைப் பழங்குடியான வெட்ஸுவெட்டன் மக்களின் தலைவர்களும் சுமார் 58,000 சதுர கிலோமீட்டருக்குத் தொடுத்த வழக்கு, விசாரணை 374 நாள். தன் வீட்டின் தலைவியான ஒரு மூதாட்டி வரலாற்றோடு சேர்ந்த பாட்டைப் பாட வந்தபோது, என் காதுக்குப் பாட்டு ஏறாது, எனக்குப் பாடிப் பயனில்லை என்கிற பொருளில் நீதிபதி தடுக்கப் பார்த்தார். ஆனாலும் அந்த மூதாட்டி பாடினார். 1991இல் தீர்ப்பு எதிராகத்தான் வந்தது. இதை எப்போது படித்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. எழுத்து இல்லாத மக்களிடம் எழுத்தைக் கேட்டுவிட்டு, இல்லை என்றதும் உரிமையும் இல்லை என்பது நீதியே அல்ல.

1997 டிசம்பர் 11 அன்று கனடா உச்ச நீதிமன்றம் அதைத்தான் திருத்தியது. வாய்மொழி வரலாற்றை ஆவணங்களுக்குச் சமமாக வைத்து எடைபோட வேண்டும் என்றது. எடைபோட வேண்டும் என்றுதான் சொன்னது, கவனியுங்கள், அப்படியே நம்பச் சொல்லவில்லை, ஆகவே குறுக்கு விசாரணை செய்யும் உங்கள் வேலை எங்கும் போய்விடாது.

அப்புறம், நிலம் அவர்களுக்குக் கிடைத்துவிடவில்லை. மறுவிசாரணைக்கு உத்தரவிட்டு, பேசித் தீர்ப்பது மேல் என்றும் நீதிமன்றம் சொன்னது. அந்த மறுவிசாரணை நடக்கவே இல்லை. 2020இல் வெட்ஸுவெட்டன் நிலம் வழியாகப் போகும் எரிவாயுக் குழாய்ப் பாதையை எதிர்த்தவர்களைப் போலீஸ் கைது செய்து, நாடெங்கும் ரயில் மறியல் நடந்த பிறகுதான், வெட்ஸுவெட்டன் நில உரிமை அவர்களுடைய சொந்த ஆட்சிமுறைப்படி அந்த வீடுகளிடமே இருக்கிறது என்று மத்திய, மாகாண அரசுகள் மே மாதத்தில் கையெழுத்துப் போட்டன. அந்தக் குழாய்த் தகராறை அந்த ஒப்பந்தம் தொடவில்லை.