மரத்துப்போக ஊசி போட்டால் நாய்க்குத் தையல் ஒட்டாதா?

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"டாக்டர், எங்கள் சிப்பிப்பாறை நாய் ராணிக்கு ஏழு வயது, 18 கிலோ. மடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி வந்து, போன வாரம் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். 'வெட்டின ஓரமா மரத்துப்போற மருந்தும் போட்டிருக்கேன், ராத்திரி அனத்தாது' என்றார் டாக்டர். சொன்னபடியே அன்று நன்றாகத் தூங்கினாள். இன்று ஐந்தாம் நாள். தையலுக்குக் கீழே தண்ணீர்ப் பை மாதிரி வீங்கியிருக்கிறது. 'மரத்துப்போக ஊசி போட்டால் சதை செத்துப்போகும், தையல் ஒட்டாது' என்கிறார் என் மாமனார். உண்மையா? இன்னொன்று, மனிதர்களுக்கான மரத்துப்போகும் ஜெல் வீட்டில் இருக்கிறது. நக்காமல் இருக்க அதைத் தடவலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தடவாதீர்கள். ஏன் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

உங்கள் மாமனார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. லிக்னோகைன், பூபிவகைன் ஆகிய இரண்டும்தான் எங்கள் கையில் அதிகம் புழங்கும் மரத்துப்போகும் மருந்துகள். ஆய்வகத் தட்டில் உயிரணுக்களை வளர்த்து, அவற்றை இந்த மருந்துகளில் மணிக்கணக்கில் ஊறப்போட்டால் அவை சாகத்தான் செய்கின்றன. காயத்தை ஒட்டவைக்கும் நாரைப் பின்னுகிற உயிரணுக்களுக்கும் அதே கதிதான். மருந்து எவ்வளவு கெட்டியோ, எவ்வளவு நேரம் ஊறுகிறதோ, சேதமும் அவ்வளவு. மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு இன்னும் நொய்மையானது. மூட்டுக்குள் குழாய் வைத்துத் தொடர்ந்து பூபிவகைன் செலுத்தும் வழக்கத்தைக் கைவிட்டதற்கு அதுதான் காரணம்.

ஆனால் ராணியின் வயிறு ஆய்வகத் தட்டு இல்லை. அங்கே ரத்தம் ஓடுகிறது. வெட்டிய ஓரத்தில் போட்ட லிக்னோகைன் ஒன்றிரண்டு மணி நேரம் வேலை செய்யும். பூபிவகைன் ஆறு மணி நேரம் வரை, சில சமயம் அதற்குக் கொஞ்சம் மேலும் தாங்கும். அதற்குள் மருந்தை ரத்தம் அள்ளிக்கொண்டு போய் ஈரலில் சேர்த்துவிடும். காயம் ஆறும் வேலை எப்போது தொடங்குகிறது என்று பாருங்கள். முதலில் ரத்தம் உறைந்து வாயை அடைக்கிறது. அடுத்து வெள்ளணுக்கள் வந்து செத்ததையும் கிருமியையும் கூட்டிப் பெருக்குகின்றன. நார் பின்னும் உயிரணுக்கள் காயத்துக்குள் கணிசமாக வந்து சேர்வது ஏறக்குறைய மூன்றாம் நாள்தான். கொத்தனார் புதன்கிழமை வருகிறார், மருந்து திங்கட்கிழமை ராத்திரியே ஊரைவிட்டுப் போய்விட்டது. இருவரும் சந்தித்துக்கொள்வதே இல்லை.

அதனால் அளவோடு ஒருமுறை போட்ட மருந்தால் தையல் ஒட்டாமல் போகும் என்று நான் பயப்படுவதில்லை. வயிற்று ஆபரேஷன் செய்த நாய்களுக்கு வெட்டிய ஓரத்தில் இதைப் போட்டுப் பல வருடங்களாகப் பார்த்துவருகிறோம். காயம் ஆறுவதில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இல்லை.

மருந்து போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். வலியில் கிடக்கும் நாய் சரியாகச் சாப்பிடாது, தூங்காது, வலிக்கிற இடத்தையே நக்கும், கடிக்கும். வலியும் பயமும் உடம்பில் கார்ட்டிசோலை ஏற்றிவிடும், காயம் ஆறுவதை மந்தமாக்குகிற சுரப்பு அது. ராணி முதல் ராத்திரி அனத்தாமல் தூங்கினாளே, காயத்துக்கு அதுவும் நல்லதுதான்.

சரி, எந்த நேரத்தில் இந்த மருந்து கெடுதல் செய்யும்? திரும்பத் திரும்பப் போடும்போது. இதற்குக் கண் நல்ல உதாரணம். கண்ணில் புண்ணோடு வரும் நாய்க்கு மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டுத்தான் பரிசோதிப்போம். நாய் கண்ணைத் திறந்து சாதுவாக நிற்பதைப் பார்த்துவிட்டு, "அந்தச் சொட்டு மருந்தையே எழுதிக் கொடுங்களேன்" என்று கேட்பார்கள். கொடுக்க மாட்டோம். தினமும் விட்டால் கருவிழியின் மேல்தோல் வளராது, புண் ஆழமாகும். தையல் மேல் நாளுக்கு நான்கு தடவை ஜெல் தடவுவதும் ஏறக்குறைய இதே சங்கதிதான். கொத்தனார் வேலை செய்துகொண்டிருக்கும்போது போய்ப் போய்த் தொந்தரவு செய்கிறீர்கள்.

ஜெல்லில் அதைவிடப் பெரிய ஆபத்து, நாய் அதை நக்கிவிடும் என்பது. லிக்னோகைன் அளவு மிஞ்சினால் முதலில் உடம்பு துடிக்கும், தள்ளாடும், பிறகு வலிப்பு வரும். இன்னும் மிஞ்சினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். பூபிவகைன் இதயத்துக்கு இன்னும் மோசம். சில ஜெல்களிலும் ஸ்பிரேக்களிலும் பென்சோகைன் இருக்கும். அது நாயின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும், ஈறு நீலம் பாய்ந்து பழுப்பாகிவிடும். நக்காமல் இருக்கக் கழுத்துக் கூம்புதான் வழி. பார்க்கப் பரிதாபமாகத்தான் இருக்கும், கதவில் எல்லாம் இடித்துக்கொள்வாள். இருந்தாலும் கழற்றாதீர்கள். நாய் நக்கினால் புண் ஆறும் என்று நம் ஊரில் சொல்வார்கள். எச்சிலில் கிருமியை அடக்கும் பொருள் கொஞ்சம் இருப்பது உண்மை, அதே வாயில் கிருமிகளும் இருக்கின்றன. அதோடு அந்த நாக்கு அரம் மாதிரி. ஒரு ராத்திரியில் ஏழெட்டுத் தையலை உருவிவிடும்.

அளவைப் பற்றி ஒரு கணக்கு சொல்கிறேன், வீட்டில் போட்டுப் பார்க்க அல்ல, உங்கள் டாக்டர் ஏன் சிரிஞ்சை இரண்டு முறை பார்க்கிறார் என்று புரிவதற்காக. 2 சதவீத லிக்னோகைன் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் மருந்து இருக்கும். கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வைத்தால், 18 கிலோ ராணிக்கு 90 மில்லிகிராம், அதாவது நாலரை மில்லி. அதே கணக்கில் மூன்று கிலோ பொமரேனியனுக்கு முக்கால் மில்லிதான். ஆறங்குல வெட்டு முழுக்க முக்கால் மில்லி எப்படிப் போதும்? மருந்தைக் கூட்டக் கூடாது. சலைன் கலந்து நீர்க்கச் செய்துதான் பரப்புவோம். நீர்த்த மருந்து திசுவுக்கும் இதம்.

சில பாட்டில்களில் அட்ரினலின் கலந்தே வரும். அது ரத்தக் குழாயைச் சுருக்கி, மருந்தை அதே இடத்தில் நிறுத்திவைக்கும். வால் நுனி, காது நுனி, விரல் போன்ற இடங்களில் இதைப் போடாமல் தவிர்ப்போம், ஓடுகிற கொஞ்ச ரத்தமும் நின்றால் தோல் கறுத்துவிடும் என்பதால். அமெரிக்காவில் 2016-ல் நாய்களின் முழங்கால் ஆபரேஷனுக்கென்று, கொழுப்புக் குமிழ்களுக்குள் அடைத்த பூபிவகைனுக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். மூன்று நாள் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வலியைக் குறைக்கும் மருந்து அது. நம் பக்கத்தில் உங்கள் டாக்டர் போட்டிருப்பது சாதாரண வகையாகத்தான் இருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்று. கன்னத்தில் சீழ்க்கட்டியோடு ஒரு நாட்டு நாய். சுற்றிலும் லிக்னோகைன் போட்டேன், கத்தியை வைத்ததும் அலறியது. இன்னும் கொஞ்சம் போட்டேன், மறுபடி அலறல். மருந்து போலி என்று கம்பவுண்டரிடம் கோபப்பட்டேன். மருந்து சரியாகத்தான் இருந்தது, சீழ் பிடித்த சதைதான் புளித்துக் கிடந்தது. அந்த அமிலத்தில் இந்த மருந்து நரம்பின் உறையைத் தாண்டி உள்ளே போகும் வடிவத்துக்கு மாறாது, வெளியிலேயே நின்றுவிடும். சீழ்க்கட்டிக்குள் ஊசி குத்தினால் கிருமியும் பரவும். அன்றிலிருந்து அந்த மாதிரி நாய்களுக்கு மயக்கம்தான் கொடுக்கிறேன்.

இனி ராணியின் வீக்கம். மடிக் கட்டியை எடுத்தால் தோலுக்கும் சதைக்கும் நடுவே ஒரு காலி இடம் உண்டாகும். நாய் ஓடியாடினால் இரண்டும் உரசிக்கொள்ள, அங்கே நீர் கோத்துக்கொள்ளும். நீங்கள் சொல்லும் தண்ணீர்ப் பை பெரும்பாலும் இதுதான். தொட்டால் மெத்தென்று இருக்கும், சூடு இருக்காது, வலிக்காது, நாய் நன்றாகச் சாப்பிடும். சிறியதாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். ஊசியால் குத்தி நீங்களே எடுக்காதீர்கள், சுத்தமான நீருக்குள் கிருமியை விடுவதாக ஆகிவிடும். மாடிப்படி ஏறவிடாமல், சங்கிலியில் மட்டும் நடக்கவையுங்கள். சிப்பிப்பாறையை ஓடாதே என்று சொல்வது கஷ்டம்தான், தெரியும். ஆனாலும் மூன்றிலிருந்து ஐந்தாம் நாள் வரை காயம் மிகவும் பலவீனமாக இருக்கும். முதலில் வாயை அடைத்த ரத்தக் கட்டியின் பிசின் கரைந்துகொண்டிருக்கும், புது நார் இன்னும் முறுகியிருக்காது. அந்த நேரத்தில் மொத்தப் பாரமும் நூலின் மேல்தான்.

வீங்கிய இடம் சூடாக இருந்தாலோ, நாற்றம் வந்தாலோ, சீழ் வடிந்தாலோ, தையல் வாய் பிளந்தாலோ, ஆசனவாயில் வைத்த தெர்மாமீட்டர் 103 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினாலோ உடனே கூட்டிப் போங்கள். 101 முதல் 102.5 வரை நாய்க்கு இயல்பு, அதைக் காய்ச்சல் என்று நினைக்க வேண்டாம். கருப்பையையும் சேர்த்து எடுத்திருந்தால் வயிற்றுச் சுவரும் திறக்கப்பட்டிருக்கும். அப்போது இளஞ்சிவப்புத் தண்ணீர் திடீரென்று வடிந்தால் உள்தையல் விட்டிருக்கலாம். அதற்கு நாளைக் காலை வரை காத்திருக்காதீர்கள்.

டெட்டாலை ஊற்றிக் கழுவுவது, மஞ்சளையோ விபூதியையோ அப்புவது, மனிதர்களின் வலி மாத்திரை கொடுப்பது எதுவும் வேண்டாம். இப்யூபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்த்துவிடும். பத்தியம் என்று வெறும் கஞ்சி ஊற்றாதீர்கள். நார் பின்னப் புரதம் வேண்டும், முட்டையும் வேகவைத்த கோழிக்கறியும் கொடுங்கள். ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வெயிலில் புழு வைக்க ஒரு நாள் போதும். போன மாதங்களில் தோல் அரிப்புக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தையல் ஒட்டாததற்கு மரத்துப்போக ஊசியைவிட அதன் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம்.

தையல் பிரிக்கப் போகும்போது, பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் போவீர்கள், எடுத்த கட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பினார்களா என்று கட்டாயம் கேளுங்கள். பெண் நாய்களின் மடிக் கட்டிகளில் ஏறக்குறைய பாதி புற்றுநோயாகவே இருக்கும். அனுப்பாமல் விட்டிருந்தால், மற்ற காம்புகளையும் தடவிப் பார்க்கச் சொல்லி, நெஞ்சு எக்ஸ்ரே தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.