வேலூர் ரயில் மனு: எதை முதலில் கேட்பது?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் ரயில் வசதிகளுக்காக எம்.பி.யிடம் மனு கொடுக்க இருக்கிறது. திண்டிவனம்–நகரி பாதை, காட்பாடி–விழுப்புரம் இரட்டைப் பாதை, வேலூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனிலிருந்து காட்பாடிக்குப் போய்வரும் ஷட்டில் ரயில், எக்ஸ்பிரஸ் நிறுத்தங்கள் என்று பட்டியல் நீண்டுவிட்டது. எதற்கு முன்னுரிமை தரலாம்?

பதில்: எல்லாமே நியாயமான கோரிக்கைகள்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதினால், எதற்குமே பதில் வராது. முதல் இடத்தை ஒரே ஒரு கோரிக்கைக்குக் கொடுங்கள்: காலையிலும் மாலையிலும் திருவண்ணாமலை–காட்பாடி இடையே கூடுதல் மெமு ரயில்கள் (குறுகிய தூரம் ஓடும் மின்சாரப் பயணிகள் ரயில்கள்), காட்பாடியில் சென்னை, பெங்களூரு வண்டிகளைப் பிடிக்கிற மாதிரி நேரத்தில்.

ஷட்டில் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், காட்பாடி ஸ்டேஷனில் 1, 2 நம்பர் டவுன் பஸ் ஏறுகிறவர் சி.எம்.சி. மருத்துவமனை வாசலிலேயே இறங்கிவிடலாம், பாகாயம் வரைக்கும் போகலாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. ரயிலில் வந்தால் கன்டோன்மென்ட்டில் இறங்கி மறுபடி ஆட்டோ தேட வேண்டும். ஊருக்குள் மட்டும் ஓடும் ஷட்டில் காலியாகத்தான் ஓடும். அப்புறம் அந்தக் கணக்கையே காட்டி, "இந்தப் பாதைக்குக் கூட்டமில்லை" என்று மற்ற கோரிக்கைகளையும் தள்ளிவிடுவார்கள். ரயில் யாருக்குத் தேவை? போளூர், களம்பூரில் உள்ள ஆரணி ரோடு, கண்ணமங்கலம், கணியம்பாடி பக்கத்திலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் மருத்துவமனைக்கும் வருகிறவர்களுக்கு. அவர்களுக்கு ஓடும் வண்டி வேலூர் டவுனிலும் கன்டோன்மென்ட்டிலும் நின்றுதான் வரும். உங்கள் ஊருக்கு வேண்டியதும் அதிலேயே கிடைத்துவிடும்.

இதற்குப் புதிய நிலமோ பாதையோ வேண்டாம். தண்டவாளமும் மின்கம்பியும் இருக்கின்றன. மெமுவுக்கு இரண்டு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு, எஞ்சினைக் கழற்றித் திருப்பும் வேலை இல்லை. 2024 மே மாதம் சென்னை கடற்கரை–வேலூர் கன்டோன்மென்ட் மெமுவைத் திருவண்ணாமலை வரை நீட்டினார்கள். திருவண்ணாமலைக்காரர்கள் பல வருடமாகக் கேட்ட சென்னை ரயில், இருக்கிற வண்டியை நீட்டியதாலேயே வந்துவிட்டது. மனுவில் இதை முன்னுதாரணமாக எழுதுங்கள்.

"ஒற்றைப் பாதை, இடமில்லை" என்று பதில் வரலாம். ரயில்வேயே பயன்படுத்தும் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு நாளைக்கு 1,440 நிமிடம். எதிரெதிர் வண்டிகள் ஒன்றையொன்று கடக்க வசதியுள்ளவை கிராசிங் ஸ்டேஷன்கள். அடுத்தடுத்த இரண்டு கிராசிங் ஸ்டேஷன்களுக்கு நடுவே ஒரு வண்டி ஓட 15 நிமிடம், அடுத்த வண்டிக்கு வழிவிட 5 நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 1,440-ஐ 20-ஆல் வகுக்க 72. பராமரிப்பு, தாமதம் எல்லாம் போக அதில் 70 சதவீதத்தைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அப்படியும் இரண்டு திசையும் சேர்த்து 50 வண்டி வருகிறது. பாதையில் மிக நீளமான இடைவெளிதான் மொத்தத் திறனையும் தீர்மானிக்கும். அதனால் எந்த இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே அதிக நேரம் பிடிக்கிறது என்று கேட்டு, அங்கே ஒரு வண்டி ஒதுங்கி நின்று இன்னொன்றுக்கு வழிவிட ஒரு கிராசிங் லூப் (பக்கத் தண்டவாளம்) வேண்டும் என்பதை இரண்டாவது கோரிக்கையாக வையுங்கள். முழு இரட்டைப் பாதைக்குக் காத்திருப்பதைவிட இது சீக்கிரம் நடக்கும். இரட்டைப் பாதை என்றால் காட்பாடிக்கும் கன்டோன்மென்ட்டுக்கும் நடுவே பாலாற்றில் புதுப் பாலமும் கட்டியாக வேண்டும்.

இனி, மனு யாருக்குப் போக வேண்டும் என்பது. நிறைய மனுக்கள் இங்கேதான் வழி தவறுகின்றன. காட்பாடி, ரயில்வே நிர்வாகப் பிரிவான சென்னைக் கோட்டத்தில் இருக்கிறது. வேலூர் கன்டோன்மென்ட் வழியாக விழுப்புரம் போகும் பாதை திருச்சிக் கோட்டம். சித்தூர், பாகாலா வழியாகத் திருப்பதி போகும் பாதை குண்டக்கல் கோட்டம், அது தெற்கு ரயில்வேயிலேயே சேராது. காட்பாடியில் பிளாட்பாரம் கொடுக்க வேண்டியவர் ஒருவர், அதற்கு அப்பால் வண்டிக்கு வழிவிட வேண்டியவர் இன்னொருவர். ஆகவே மெமு கோரிக்கையை இரண்டு கோட்ட மேலாளர்களுக்கும் அனுப்புங்கள். முக்கியமாகச் சென்னையில் தெற்கு ரயில்வே பொது மேலாளருக்கு அனுப்புங்கள். கோட்டங்கள் இரண்டையும் சேர்த்து முடிவெடுக்கக்கூடியவர் அவர்தான்.

காட்பாடி ஸ்டேஷன் மறுசீரமைப்புக்கு 2022 மே மாதம் பிரதமர் அடிக்கல் நாட்டினார். சிகிச்சைக்காக மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வருகிற நோயாளிகள் பெரும்பாலும் இறங்குவது இங்கேதான். ஒவ்வொரு பிளாட்பாரத்துக்கும் லிஃப்ட், படியே இல்லாமல் சக்கர நாற்காலி வெளியே வர ஒரு வழி, வாசலருகே டவுன் பஸ் நிற்க இடம் ஆகியவை கட்டாயம் வேண்டும். சுவர் எழும்பிய பிறகு இதையெல்லாம் கேட்பது கஷ்டம். கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஸ்ட்ரெச்சரைப் படியில் தூக்கிக்கொண்டு ஓடும் நிலை மாறவில்லை என்றால் அதை மேம்பாடு என்று நான் ஏற்கமாட்டேன்.

திருப்பதி–காட்பாடி 104 கி.மீ. இரட்டைப் பாதைக்கு 2025 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, மதிப்பீடு 1,332 கோடி ரூபாய். நமக்கும் இதில் லாபம் உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு 2021 டிசம்பரில் முகுந்தராயபுரம்–திருவலம் இடையே பொன்னை ஆற்றுப் பாலத்தில் விரிசல் கண்டு, சென்னை வண்டிகள் பல ரத்தாகின. அப்படி ஒரு நாள் மறுபடி வந்தால் ரேணிகுண்டா, பாகாலா வழியாகச் சுற்றிவர வலுவான மாற்றுப் பாதை கிடைக்கும். பணி விரைந்து முடிய வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள், போதும்.

திண்டிவனம்–நகரி பாதை 2006–07-லேயே ஒப்புதல் பெற்றது. ஆரணி, ஆற்காடு, செய்யாறு மக்களின் நீண்ட நாள் கனவு அது, கைவிடச் சொல்லவில்லை. அதில் நிலம் எடுப்பது மாநில வருவாய்த் துறையின் வேலை என்பதால், அந்தப் பாதை போகும் மாவட்டங்களின் ஆட்சியர்களுக்குத் தனி மனுவாகக் கொடுங்கள். எக்ஸ்பிரஸ் நிறுத்தங்களை ரயில்வே வாரியம்தான் முடிவு செய்கிறது, அதையும் தனியாக எழுதலாம். உங்கள் பட்டியலில் லெவல் கிராசிங் மேம்பாலம் ஏதாவது இருந்தால், ஒரு நாளில் அந்த கேட்டைக் கடக்கும் ரயில்களையும் சாலை வாகனங்களையும் பெருக்கிப் பாருங்கள். ஒரு லட்சத்தைத் தாண்டினால், மாநில அரசோடு செலவைப் பகிர்ந்து கட்டும் திட்டத்தில் கேட்கத் தகுதி உண்டு.

மனுவோடு ஒரு இணைப்பு கட்டாயம் வேண்டும். கண்ணமங்கலம், ஆரணி ரோடு, போளூர் ஊர்க்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, ஒரு வாரம் காலை 6 முதல் 9 வரை வேலூருக்கு வரும் பஸ்களில் எத்தனை பேர் வருகிறார்கள், எங்கே இறங்குகிறார்கள் என்று எண்ணி அட்டவணை போடுங்கள். எத்தனை மணிக்கு எங்கே வண்டி வேண்டும் என்பதை அந்த எண்ணிக்கையை வைத்தே எழுதுங்கள்.