கொடைக்கானல் ஏற்றத்துக்கு 185 குதிரைகள் எதற்கு?

கேள்வி: மேலூரில் அரிசி ஆலை நடத்துகிறோம். 2022-ம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் விர்டஸ் ஜிடி பிளஸ் 1.5 டிஎஸ்ஐ, டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் காரை இரண்டாவது உரிமையாளராக வாங்கியிருக்கிறேன். 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாதம் இருமுறை கொடைக்கானல் போவேன், அவ்வப்போது சென்னை. 'ரீமேப் செய்தால், அதாவது எஞ்சினை ஆளும் கணினியின் மென்பொருளை மாற்றினால், 185 குதிரைத்திறன், 310 நியூட்டன் மீட்டர் டார்க் வரும். கூடவே பெரிய இன்டர்கூலர், எக்ஸாஸ்ட், கோன் ஃபில்டர் என்ற கூம்புக் காற்று வடிகட்டி போட்டுவிடலாம்' என்கிறார் ஒருவர். கையில் இரண்டு லட்ச ரூபாய் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது, ஐயா?

பதில்: தம்பி, உங்கள் கண் 185-ல் நிற்கிறது. எனக்கு அந்த 310, அதாவது டார்க் என்கிற முறுக்குவிசை, அதுதான் உறுத்துகிறது.

உங்கள் கார் கம்பெனியிலிருந்து வரும்போதே 150 குதிரைத்திறனும் 250 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தருகிறது. அதோடு சேர்ந்த ஏழு கியர் டிஎஸ்ஜி பெட்டி, டிகியூ200 என்ற வகை. எண்ணெயில் நனையாத இரண்டு உலர் கிளட்ச் தட்டுகள் அதில் இருக்கின்றன. அந்தப் பெட்டி தாங்குவதற்கென்று வகுக்கப்பட்ட டார்க் அளவும் அதே 250 தான். ஷோரூம் வாசலைத் தாண்டிய அன்றே அதன் சுமை கழுத்துவரை ஏறிவிட்டது. அதன் தலையில் இன்னும் 60 நியூட்டன் மீட்டரை ஏற்றினால் மறுநாளே எதுவும் உடைந்துவிடாது. சில மாதம் கழித்து, முதல் கியரில் கார் மெல்ல நகரும்போது இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம் தெரியும். பிறகு ஏற்றத்தில் எஞ்சின் சுற்று மட்டும் ஏறும், கார் ஏறாது. அதன் பிறகு உங்கள் இரண்டு லட்சத்தில் பெரும்பகுதி கிளட்சுக்குப் போய்விடும்.

அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாதா? முடியும். கொஞ்சம் கணக்குப் போட வேண்டும்.

குதிரைத்திறன் தனியாக விளைகிற பொருள் இல்லை. டார்க்கை எஞ்சினின் நிமிடச் சுற்றால் பெருக்கி, 9,549-ஆல் வகுத்தால் கிலோவாட், அதை 1.36-ஆல் பெருக்கினால் குதிரைத்திறன். உங்கள் எஞ்சின் 1,600 சுற்றிலிருந்து 3,500 சுற்று வரை 250 நியூட்டன் மீட்டரைத் தருகிறது. அதற்குமேல் டார்க் சரிகிறது. 5,000 சுற்றில் 150 குதிரைத்திறன் என்றால், அந்த இடத்தில் டார்க் சுமார் 211 தான். 6,000-ல் சுமார் 176. இப்போது உச்சத்தை 250-ஐத் தாண்ட விடாமல், மேலே சரிகிற இடத்தில் மட்டும் கை வைக்கலாம். 5,000 சுற்றில் 235-ஐப் பிடித்து நிறுத்தினால் 167 குதிரைத்திறன் வந்துவிடும். கியர்பெட்டி ஏற்கெனவே சுமந்த அளவைவிட ஒரு நியூட்டன் மீட்டர் கூட அதிகம் சுமக்காது.

ரீமேப் செய்பவரிடம் இதைத்தான் கேட்க வேண்டும்: "உச்ச டார்க் 250. அதைத் தாண்டாமல் டார்க்கை எந்தச் சுற்று வரை இழுத்துக்கொண்டு போக முடியும்?" எல்லோருக்கும் ஒரே மென்பொருளை ஏற்றிவிட்டு அனுப்புபவர் இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பார். டார்க் வரைபடத்தைத் திறந்து காட்டிப் பேசுபவர் கிடைத்தால், அவரிடம் மேற்கொண்டு பேசுங்கள்.

கீழ்ச்சுற்றில் டார்க்கைக் குவிப்பதில் இன்னொரு கேடும் உண்டு. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் டர்போ எஞ்சின்களில், குறைந்த சுற்றில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால், பிளக் பொறி தட்டுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது உண்டு. பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட பகுதியை உடைக்கும் அளவுக்கு வலுவான அடி அது. அதைத் தடுக்கவும் சேர்த்துத்தான் ஏபிஐ எஸ்பி என்ற தர எஞ்சின் எண்ணெய் 2020-ல் வந்தது. ஃபோக்ஸ்வாகன் கையேடு சொல்லும் எண்ணெயை, சொல்லும் இடைவெளிக்கு முன்பாகவே மாற்றுங்கள். விலை குறைவு என்று யாரோ நீட்டும் டப்பா வேண்டாம்.

அடுத்து சூடு. மதுரைக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மே மாத மதியம் வெளியே 40 டிகிரி. டர்போ அந்தக் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு நெருக்கும்போது, அதன் வெப்பம் சுமார் 135 டிகிரிக்குப் போய்விடும். இன்டர்கூலர் அதைத் தணிக்காவிட்டால் எஞ்சினில் நாக்கிங், அதாவது கலவை தாறுமாறாக வெடிக்கும் தட்டல், வரும். எஞ்சினின் கணினியான இசியூ, பொறி தட்டும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும். காசு கொடுத்து வாங்கிய குதிரைகள் மதியம் 2 மணிக்குத் தூங்கப் போய்விடும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் தரைமட்டத்தில் இருப்பதில் 78 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். அதே அளவு காற்றை எஞ்சினுக்குக் கொடுக்க, இரண்டு மடங்கு நெருக்கிய டர்போ அங்கே இரண்டரை மடங்கு நெருக்க வேண்டும். காற்று குளிர்ந்தாலும் டர்போவுக்கு ஓய்வு இல்லை.

அதற்காகப் பெரிய இன்டர்கூலர் வாங்கிவிடாதீர்கள். உங்கள் எஞ்சினில் காற்றைக் குளிர்விப்பது தண்ணீர். அதற்கென்று தனிச் சிறு ரேடியேட்டரும் மின்சாரப் பம்பும் உண்டு. பம்பருக்குப் பின்னால் மாட்டும் காற்று இன்டர்கூலரை இதில் நுழைப்பது குழாய் வழியையே மாற்றிக் கட்டும் வேலை. முதலில் இருப்பதைச் சுத்தம் செய்யுங்கள். வயல்பக்கச் சாலையில் மாலை நேரம் ஓட்டுகிற காரின் ரேடியேட்டர் இதழ்களைப் பார்த்திருக்கிறீர்களா? பூச்சி, வைக்கோல் தூசி, செம்மண் மூன்றும் சேர்ந்து சாணம் மெழுகியதுபோல் அப்பியிருக்கும். ஆலை வாசலில் தவிடு பறக்குமே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பம்பரைக் கழற்றி, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லுங்கள். பம்ப் ஓடுகிறதா, கூலன்ட் அளவு சரியா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

கசிவுச் சோதனையைத் தவறவிடாதீர்கள். போன சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் என் பட்டறைக்கு ஒரு கார் வந்தது. ரீமேப் செய்தது. 'மலையில் இழுக்கவில்லை, டர்போ போய்விட்டது' என்று வேறொரு இடத்தில் சொல்லி, புது டர்போவுக்கு விலையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பானட்டைத் திறந்தேன். டர்போவிலிருந்து வரும் காற்றுக் குழாயின் வளைவில் விரல் நகம் அளவு எண்ணெய்க் கறை, அதன்மேல் மண். குழாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் காற்றை ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்தேன். அந்த ஓர் இடத்தில் மட்டும் புளித்த மாவுபோல் நுரை பொங்கியது. கிளாம்ப் அரை அங்குலம் நகர்ந்து உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றி, குழாயைத் துடைத்து, புதுக் கிளாம்ப் போட்டேன். டர்போ இன்றுவரை நலம். பூஸ்ட்டை, அதாவது டர்போ தரும் காற்றழுத்தத்தை, கூட்டுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடுவது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய மோட்டார் வைப்பதுதான்.

பெட்ரோல் விஷயம் சுருக்கமாக: வத்தலக்குண்டு பங்க்கில் கிடைப்பதற்கு ஏற்ப ரீமேப் அமைய வேண்டும். 95 ஆக்டேன் பெட்ரோலுக்கு அமைத்துக்கொள்ளலாம். 100 ஆக்டேனுக்கு அமைத்துவிட்டு வழியில் சாதாரணப் பெட்ரோல் போட்டால் எஞ்சின் உங்களை மன்னிக்காது. ரீமேப்போடு பிளக் நான்கையும் மாற்றுங்கள்.

இனி செலவை எங்கே தொடங்குவது என்று பார்ப்போம். கொடைக்கானல் ஏற்றத்தைக் காட்ரோட்டில் தொடங்கினால் டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை என்று கொண்டையூசி வளைவுகள் வந்துகொண்டே இருக்கும். அந்தச் சாலையில் 150 குதிரைகளையே முழுதாக ஓட விட இடம் கிடையாது. உங்களுக்கு அங்கே தேவைப்படுவது பிடிப்பு. திரும்பி வரும்போது பிரேக். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022-ம் ஆண்டின் 23-ம் வாரத்தில் செய்தது. காரோடு வந்த டயரே இன்னும் இருந்தால், பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். அதே 205/55 ஆர்16 அளவில் நல்ல டயர் நான்கு வாங்குங்கள். 18 அங்குலச் சக்கர ஆசை வேண்டாம். எடை கூடும், பள்ளத்தில் ரிம் வளையும்.

உங்கள் காரில் பின்பக்கம் டிரம் பிரேக். இறக்கத்தில் முன் டிஸ்க்குகள்தான் பெரும்பாரம் தாங்குகின்றன. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அந்த அளவு 155-க்கு இறங்கிவிடலாம். 48,000 கிலோமீட்டரில் அது ஒருமுறையாவது மாற்றப்பட்டதா என்று பழைய உரிமையாளரின் சர்வீஸ் பில்லைப் பாருங்கள். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்துக்கு ஒரு படி உயர்ந்த பேட் போதும். இறக்கத்தில் கியர் லீவரை மேனுவல் பக்கம் தள்ளி, இரண்டாவது கியரில் பிடித்து இறங்குங்கள். பிரேக்கின் பாதி வேலையை எஞ்சினே செய்துவிடும்.

கோன் ஃபில்டர் பானட்டுக்குள் வேகிற காற்றைத்தான் குடிக்கும். சத்தம் அருமையாக இருக்கும், வேறொன்றும் இல்லை. எக்ஸாஸ்ட்டில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது சட்ட விரோதம். சைலன்சரை மட்டும் மாற்றினால் தெருவே திரும்பிப் பார்க்கும், கார் அதே வேகத்தில்தான் போகும்.

சட்டம் என்றதும் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரீமேப் கண்ணுக்குத் தெரியாது என்று சிலர் தைரியம் சொல்வார்கள். விபத்து நடந்து இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சர்வேயர் வரும்போது அந்தத் தைரியசாலிகள் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். உத்தரவாதம் மீதம் இருந்தால், அது முடியும்வரை ரீமேப் பக்கம் போகாதீர்கள். பழைய மென்பொருளை மறுபடி ஏற்றினாலும் தடயம் தெரிந்துவிட வாய்ப்பு உண்டு.

ஆக, டயர், பிரேக், எண்ணெய், பிளக், ரேடியேட்டர் சுத்தம், கசிவுச் சோதனை: இவற்றை இந்த மாதமே முடியுங்கள். பாதிப் பணம்கூட ஆகாது. பிறகு இரண்டு முறை கொடைக்கானல் போய்வாருங்கள். அதன் பிறகும் 'போதவில்லை' என்று தோன்றினால் ரீமேப். எப்படியும் ஐம்பதாயிரத்தைத் தொடாமல் வையுங்கள். அது கிளட்சின் பங்கு. கோரிப்பாளையம் சிக்னலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து அந்தக் கிளட்சைத் தேய்க்காதீர்கள். பிரேக்கை அழுத்தி நின்று, முன்னே ஒரு கார் நீளம் இடம் விழுந்த பிறகு நகருங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் உங்களுக்குக் கிளட்ச் வாங்கித் தரப்போவதில்லை.

ரீமேப் செய்வதாக முடிவெடுத்தால், அதற்கு முன் ஒரு வெயில் மதியம் காரின் கணினியிலிருந்து விவரம் படிக்கும் ஓபிடி கருவியை மாட்டி, காட்ரோட்டிலிருந்து பெருமாள்மலை வரை வழக்கமான வேகத்தில் ஏறிப் பதிவு எடுங்கள். பதிவைக் காட்டும் போனைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும். உள்ளே போகும் காற்றின் வெப்பம், இசியூ கேட்ட பூஸ்ட், உண்மையில் கிடைத்த பூஸ்ட், நான்கு சிலிண்டரிலும் பொறி நேரம் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது என்ற நான்கு விவரம் போதும். ரீமேப் முடிந்ததும் அதே மதிய நேரம், அதே பெட்ரோல், அதே ஏற்றம். ஏதாவது ஒரு சிலிண்டர் மட்டும் மற்ற மூன்றைவிடத் தொடர்ந்து அதிகமாகப் பின்வாங்கினால், பணத்தின் கடைசித் தவணையைக் கொடுக்காமல் இரண்டு பதிவுகளையும் அவர் மேசையில் வையுங்கள்.