நெருக்கமான நகர வாழ்க்கை, காற்றோட்டமான புறநகர் வாழ்க்கை: உங்களுக்கு எது பிடிக்கும், ஏன்?

எனக்குப் புறநகர்தான். ஆனால் அதை அம்மா காதுபடச் சொல்ல மாட்டேன்.

பிறந்து வளர்ந்ததெல்லாம் திருவல்லிக்கேணி, பெரிய தெருவை ஒட்டிய ஒரு சந்து. ஒரே வளவுக்குள் எட்டுக் குடித்தனம், முற்றத்தில் ஒரே அடிபம்பு. விடியற்காலை நாலரைக்கு மெட்ரோ தண்ணீர் வரும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் கண்ணயர்ந்தால், திரும்பி வரும்போது நம் குடம் நாலு குடம் பின்னால் போயிருக்கும். இருந்த ஒரு அறையில் ஐந்து பேர் படுப்போம். பிளஸ் டூவுக்கு நான் படித்தது மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில். சேப்பாக்கம் மைதானம் அங்கிருந்து கூப்பிடு தூரம். மேட்ச் நாளில் விக்கெட் விழுந்த கூச்சல் முதலில் மாடிக்கு வந்துவிடும், கீழ்வீட்டு டிவியில் அப்புறம்தான் பந்து வீசுவார்கள். அன்றைக்குப் படிப்பாவது ஒன்றாவது!

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,000 பேருக்கு மேல். எங்கள் சந்துக்குள் வந்து பார்த்தவர்கள் இது ரொம்பக் குறைச்சல் என்பார்கள்.

அதனால் வேலைக்குப் போன நாளிலிருந்து எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான்: சாத்தினால் சாத்தின மாதிரி இருக்கும் ஒரு கதவு. 2014இல் கடன் வாங்கி, தாம்பரம் தாண்டி செங்கல்பட்டு போகிற வழியில் இருக்கும் ஊரப்பாக்கத்தில் அரை கிரவுண்டில், அதாவது 1,200 சதுர அடியில், ஒரு சின்னத் தனி வீடு வாங்கினேன். அம்மாவும் நானும் குடி வந்தோம். முன்னால் முருங்கை, பின்னால் கறிவேப்பிலையும் இரண்டு வாழையும். முதல் வாரம் அம்மா மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பி வழியும்வரை மாடியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ தூக்கம்தான் பெரிய லாபம். காற்று இந்தப் பக்கம் அடித்தால் விடியற்காலையில் வண்டலூர் உயிரியல் பூங்காவின் சிங்கக் குரல் லேசாகக் கேட்கும். விருந்தாளிகள் நம்புவதில்லை.

2015 டிசம்பர் மழையில் தெருவில் முட்டிவரை தண்ணீர் நின்றது, அது தனிக் கதை. முடிச்சூர் பக்கம் பட்ட பாட்டைப் பார்த்தால் எங்களுடையது ஒன்றுமே இல்லை.

நான் சொல்ல வந்தது அம்மாவைப் பற்றி. திருவல்லிக்கேணியில் அவர் காலை ஆறு மணிக்குப் பார்த்தசாரதி கோயிலுக்குப் போவார். வரும் வழியில் கீரைக்காரம்மாவிடம் பத்து நிமிஷம் பேச்சு, வாங்குவதோ ஒரு கட்டு. ஜாம் பஜாரில் காய். மருந்துக்கடைக்காரருக்கு இவர் பி.பி. மாத்திரையின் பெயர் மனப்பாடம், காசு மறந்து போனால் நாளைக்குத் தாருங்கள் என்பார். சாயங்காலம் மாட வீதியில் ஒரு சுற்று. எல்லாமே நடை, எதுவும் பத்து நிமிஷத்துக்கு மேல் இல்லை. அங்கே அவருக்கு என் தயவு எதற்குமே தேவைப்பட்டதில்லை என்பது ஊரப்பாக்கம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

இங்கே கடை இல்லாமல் இல்லை. எல்லாம் ஜி.எஸ்.டி. சாலையில், அந்தப் பெரிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. ஆனால் அந்தச் சாலையை எழுபது வயசில் குறுக்கே கடந்து பாருங்கள்! எங்கள் தெருவுக்கு ஷேர் ஆட்டோ வராது. நடைபாதை என்ற ஒன்று கிடையாது. சாயங்காலம் ஆனால் தெருமுனையில் ஏழெட்டு நாய்கள். என்னிடம் ஸ்கூட்டர் இருக்கிறது, எனக்கு எல்லாமே ஐந்து நிமிஷம். அம்மாவுக்கு, நான் அலுவலகம் விட்டு வந்தால்தான் உண்டு. ஒருநாள் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தால் காலி. மூன்று நாளாகப் போட்டுக்கொள்ளவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "நீயே அலுத்துப் போயி வர்ற. மறுபடி வண்டிய எடுன்னு எப்படிடி சொல்றது?" என்றார். எனக்குக் கிடைத்த இடமெல்லாம் வண்டிச் சாவி வைத்திருப்பவர்களுக்கான இடம்.

நடக்கும் விஷயத்தில் எனக்கும் கொஞ்சம் புரியும். வண்டியை சர்வீஸுக்கு விட்ட நாளில், ராத்திரி ஒன்பதரைக்கு ஸ்டேஷனிலிருந்து விளக்கில்லாத தெருவில் செருப்புச் சத்தத்தை எண்ணிக்கொண்டே வந்திருக்கிறேன். கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வரும் எலக்ட்ரிக் டிரெயினில் பல வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடும், செங்கல்பட்டு வண்டியைத் தவறவிட்டால் இன்னும் நேரமாகும். திருவல்லிக்கேணியில் பதினோரு மணிக்குத் தனியாக வந்தாலும் மேன்ஷன் அறைகளில் தங்கியிருக்கும் பையன்கள், டீக்கடை, பால் வண்டி என்று தெருவில் ஆள் இருக்கும். கூட்டம் கூட்டம் என்று நான் அலுத்துக்கொண்டதுதான் இத்தனை வருஷம் எனக்குத் துணைக்கு வந்திருக்கிறது.

இப்போது இங்கேயும் நெருக்கம் வந்துவிட்டது. 2023 டிசம்பர் 30ஆம் தேதி பக்கத்திலேயே கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள், அதற்கு முன்னும் பின்னும் மனை விலை ஏறிய வேகம் தலைசுற்ற வைத்தது. பக்கத்துக் காலி மனையில் அடுக்குமாடி எழும்பிவிட்டது, வாழைக்குக் காலை வெயில் போயிற்று. ஆனால் கீரைக்காரம்மா வரவில்லை. அடுக்குமாடிக்காரர்கள் காரில் போய்க் காரில் வருகிறார்கள். ஆள் கூடினால் தெருவும் உயிர் பெறும் என்று நினைத்திருந்தேன், அப்படியெல்லாம் நடக்கவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் திருவல்லிக்கேணிக்கே போய்விடுவாயா என்று கேட்டால், மாட்டேன். அந்த அடிபம்பும் பொதுக் கழிவறை வரிசையும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்தக் காலத்தை நினைத்து உருகுகிறவர்களில் பாதிப் பேர் அந்த வரிசையில் நின்றிருக்க மாட்டார்கள் என்பது என் சந்தேகம். நீங்கள் புறநகரில் மனை பார்ப்பதாக இருந்தால் ஒன்று செய்யுங்கள்: ஒருநாள் வண்டி எடுக்காமல், வீட்டிலேயே வயசானவர் யாரோ அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து மனைவரை நடந்து போங்கள். புரோக்கர் வண்டியில் ஏறாதீர்கள்.

நாங்கள் கண்டுபிடித்த ஏற்பாடு கொஞ்சம் விசித்திரமானது. போன வருஷத்திலிருந்து அம்மா மாதத்தில் பாதி நாள் திருவல்லிக்கேணியில் சித்தி வீட்டில். அது ஒரு படுக்கையறை வீடு, அம்மாவுக்குக் கூடத்தில்தான் படுக்கை. அங்கே இருக்கும்போது போன் செய்தால் பாதி நேரம் எடுப்பதில்லை, வெளியே போயிருப்பார். இந்த வெள்ளிக்கிழமை மறுபடி கிளம்புகிறார். முருங்கைக்கீரையும் கறிவேப்பிலையும் பறித்து, அந்தக் கீரைக்காரம்மாவுக்கும் சேர்த்து மூன்று பொட்டலம் கட்டச் சொல்லியிருக்கிறார்.