கேசட்டில் இருக்கும் அப்பாவின் பாட்டு கேமில் ஏன் தள்ளிப் போகிறது?

கேள்வி: என் அப்பா 1980களில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசித்தவர். கோயில் திருவிழாக் கச்சேரி ஒன்றின் கேசட் வீட்டில் இருக்கிறது. அதை எம்பி3 ஆக்கி, அதிலுள்ள ஒரு பாட்டை, திரையில் வரும் நோட்டுகளுக்கு ஏற்பப் பொத்தான் கிதாரை வாசிக்கும் குளோன் ஹீரோ கேமில் அப்பாவே வாசிக்கும்படி செய்து, 70ஆவது பிறந்தநாளுக்குக் கொடுக்க ஆசை. அந்தக் கேமுக்கு நோட்டு வைக்கும் மூன்ஸ்க்ரேப்பர் என்ற மென்பொருளில் செய்து பார்த்தேன். ஒரு இணையதளம் அந்தப் பாட்டின் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற வேகம்) 118 என்றது, அதையே போட்டேன். முதல் நிமிடம் கச்சிதமாக இருக்கிறது. அதற்கப்புறம் நோட்டுகள் பாட்டை விட்டு விலகிப் போகின்றன. ஒருவர் 3,500 ரூபாய்க்கு 'சிங்க்' செய்து தருவதாகச் சொல்கிறார். அசல் கேசட்டையும் அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அனுப்பாதீர்கள். கேசட்டையும் அனுப்ப வேண்டாம், பணத்தையும் அனுப்ப வேண்டாம். இன்றே அந்தக் கேசட்டை எடுத்து, அதன் பின்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தடுப்புகளையும் உடைத்துவிடுங்கள். அதற்கப்புறம் யாராவது டெக்கில் தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அழியாது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

இப்போது உங்கள் பிரச்சினை. நோட்டு தள்ளிப் போவதில் இரண்டு வகை உண்டு. பாட்டு முழுக்க ஒரே அளவு தள்ளியிருந்தால் அது தொடக்க இடத்தின் கோளாறு, அல்லது ப்ளூடூத் ஹெட்போன், டிவி போன்றவற்றின் தாமதம். சரியாகத் தொடங்கி, போகப் போக விலகினால் அது காலப்பிரமாணத்தின் கோளாறு. உங்களுடையது இரண்டாவது. இதற்கு ஆஃப்செட் எண்ணை, அதாவது மொத்தப் பாட்டையும் முன்னே பின்னே தள்ளும் எண்ணை, மாற்றிப் பயனில்லை. நடுவில் சரியானால் தொடக்கம் கெடும், அவ்வளவுதான்.

அந்த இணையதளம் சொன்ன 118 பொய் இல்லை, ஆனால் அது சராசரி. திருச்சியிலிருந்து சென்னைக்குப் போன பஸ் சராசரியாக 60 கிலோமீட்டர் வேகத்தில் போனது என்றால், விழுப்புரத்தில் எத்தனை மணிக்கு இருந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா? ஸ்டூடியோவில் தாளம் காட்டும் க்ளிக் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு பதிவு செய்த இன்றைய பாட்டுகளுக்கு ஒரே எண் போதும். மேடையில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து வாசித்த பாட்டுக்குப் போதாது. பல்லவியில் நிதானமாக இருப்பார்கள். இடையிசையில் தபேலாக்காரர் கொஞ்சம் தள்ளுவார். கடைசிச் சரணத்தில் கூட்டம் கைதட்ட ஆரம்பித்ததும் மொத்தக் குழுவும் ஏறிவிடும். அது பிழை இல்லை, கச்சேரி என்பதே அதுதான்.

கணக்கைப் பார்த்தால் விஷயம் புரியும். குளோன் ஹீரோ ஒரு நோட்டுக்குக் கொடுக்கும் இடைவெளி, முன்னே சுமார் 70 மில்லிவிநாடி, பின்னே சுமார் 70 மில்லிவிநாடி. உங்கள் சார்ட் (எந்த நோட்டு எப்போது வரும் என்று நீங்கள் செய்த வரைபடம்) 118இல் நிற்கும்போது அப்பாவின் குழு 120க்கு ஏறிவிட்டால், நான்கே விநாடியில் அந்த இடைவெளி தீர்ந்துவிடும். ஒரு நிமிடத்தில் இரண்டு தட்டு, அதாவது ஒரு முழு விநாடி, பின்தங்கிவிடுவீர்கள். உங்கள் நோட்டு வைப்பில் எந்தத் தவறும் இல்லை. அடியில் இருக்கும் தாளக் கோடுதான் தவறு.

அந்த 3,500 ரூபாய்க்காரரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இப்படிச் செய்து கொடுப்பவர்கள் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். சார்ட்டைத் தொடுவதே இல்லை, ஒலியை எடுத்து இழுத்தும் அமுக்கியும் 118க்குள் திணித்துவிடுகிறார்கள். பத்து நிமிட வேலை. கேட்டால் கனகச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அப்பா அன்று ஒரு இடத்தில் கொஞ்சம் தாமதித்து மீட்டினாரே, கடைசிச் சரணத்தில் குழுவோடு சேர்ந்து ஓடினாரே, அதெல்லாம் போய்விடும். அவருடைய வாசிப்பே அதில் இருக்காது. இந்த ஒன்றை மட்டும் பிடிவாதமாகக் காப்பாற்றுங்கள்: பாட்டுக்கு ஏற்றபடிதான் சார்ட் வளைய வேண்டும், சார்ட்டுக்கு ஏற்றபடி பாட்டை வளைக்கக் கூடாது.

இதே கூட்டம்தான் பத்தாயிரம் பாட்டு இருக்கிறது என்று ஹார்டு டிஸ்க்கும் விற்கிறது. அந்தச் சார்ட்டுகள் எல்லாம் ரசிகர்கள் ராத்திரி கண்விழித்துச் செய்து இலவசமாகக் கொடுத்தவை. கேமும் இலவசம், மூன்ஸ்க்ரேப்பரும் இலவசம். அப்புறம் எதற்குப் பணம்? எனக்கு இதில் பொறுக்க முடியாத விஷயம், செய்தவரின் பெயரை அழித்துவிட்டு விற்பதுதான். இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். ஒரு பாட்டின் ஃபோல்டருக்குள் இருக்க வேண்டியது நோட்டுகளுக்கு ஒரு சார்ட் கோப்பு அல்லது மிடி கோப்பு, விவரங்களுக்கு சாங் இனி என்ற ஒரு எழுத்துக் கோப்பு, ஒலிக்கோப்பு, அட்டைப் படம். சில சமயம் எல்லாம் சேர்ந்து ஒரே எஸ்என்ஜி கோப்பாக வரும். 'இன்ஸ்டால் செய்யுங்கள்' என்று ஒரு இஎக்ஸ்இ கோப்பு கூடவே வந்தால் அதைத் திறக்காமல் அழித்துவிடுங்கள். பாட்டுக்கு இன்ஸ்டாலர் என்று ஒன்று கிடையாது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் அந்த எம்பி3யை ஒதுக்கி வையுங்கள். எம்பி3 ஆக்கும்போது தொடக்கத்தில் சில பத்து மில்லிவிநாடி வெற்றிடம் சேர்ந்துவிடும். அதோடு, பிட்ரேட் மாறிக்கொண்டே போகும் வகை எம்பி3யாக இருந்தால், எடிட்டரில் நடுவிலிருந்து ஓடவிடும்போது ஓரிடம் காட்டி வேறிடம் கேட்கவும் கூடும். நீங்கள் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். கேசட்டை மறுபடி ஓடவிட்டு, ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் டபிள்யூஏவி ஆகப் பதிவு செய்து, அதிலிருந்து ஓக் என்ற வகை ஒலிக்கோப்பு ஒன்றை எடுங்கள். முதல் சத்தத்துக்கு முன் இரண்டு மூன்று விநாடி அமைதியை ஒலிக்கோப்பிலேயே சேர்த்துவிட்டு, ஆஃப்செட்டைப் பூஜ்யத்தில் விடுங்கள்.

கேசட் விஷயத்தில் ஒன்றைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கணினியில் மட்டுமே வேலை செய்தவர்களுக்கு இது தோன்றாது. கேசட் நாடா விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பழைய டெக்குகளில் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், மோட்டார் களைத்திருக்கும். ஒரு டெக் ஒரு சதவீதம் மெதுவாக ஓடினால், நாலரை நிமிடப் பாட்டின் நீளம் கிட்டத்தட்ட மூன்று விநாடி கூடிவிடும். அதே டெக்கில் இரண்டு முறை ஓடவிட்டால்கூட இரண்டும் மில்லிவிநாடிக் கணக்கில் ஒத்துப் போகாது. அதனால் முதலிலேயே நல்ல டெக்காகத் தேடிப் பிடியுங்கள். ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். அப்பாவிடம் பாட்டின் சுருதி என்னவென்று கேட்டு, ஒலிப்பது அதற்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கால் சுருதி, அரைச் சுருதி இறங்கியிருந்தால் வேகத்தை இப்போதே மொத்தமாகச் சரிசெய்துவிடலாம். இது ஒன்றுக்கு மட்டும் ஒலியைத் தொடலாம். பாட்டு முழுவதற்கும் ஒரே அளவில் செய்வதால் வாசிப்பு கெடாது, அன்று மேடையில் இருந்த வேகம்தான் திரும்பக் கிடைக்கும். ஆனால் சார்ட் வேலை தொடங்கிய பிறகு ஒலியை மாற்றவே கூடாது. நான் இரண்டு வாரம் உட்கார்ந்து செய்த ஒரு சார்ட், 'இதைவிடத் தெளிவாக இருக்கிறதே' என்று வேறொரு டெக்கில் எடுத்த ஒலியை உள்ளே போட்டதும் முழுக்க வீணாகிவிட்டது.

அடுத்தது தாளத்தைப் பிடிப்பது. ஆடாசிட்டியில் பாட்டை ஓடவிட்டு, ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் (இங்கே நான்கு தட்டு ஒரு ஆவர்த்தனம்) முதல் தட்டிலும் கண்ட்ரோல் எம் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு குறி விழும். கை கொஞ்சம் முன்னே பின்னே அடித்திருக்கும். பிறகு ஒலி அலையைப் பெரிதாக்கி, ஒவ்வொரு குறியையும் தபேலாவின் அல்லது பாஸ் கிதாரின் அடி எழும்பும் இடத்துக்கு நகர்த்துங்கள். பாடகரின் குரலை நம்பாதீர்கள், நல்ல பாடகர் தட்டின் மேல் எழுத்தை வைக்க மாட்டார். இரண்டு குறிகளுக்கு நடுவில் எத்தனை விநாடி என்று பார்த்து, 240ஐ அதால் வகுத்தால் அந்த நான்கு தட்டின் பிபிஎம் கிடைக்கும். 2.04 விநாடி என்றால் 117.6. 2 விநாடி என்றால் 120. 1.96 என்றால் 122.4. திஸ்ர நடைப் பாட்டாக இருந்தால் மூன்று தட்டாக எண்ணி, 180ஐ வகுத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்களை மூன்ஸ்க்ரேப்பரில் ஒவ்வொரு ஆவர்த்தனத் தொடக்கத்திலும் ஒரு பிபிஎம் குறியாக வையுங்கள். வைத்ததை ஆங்கர் செய்துவிடுங்கள், அதாவது அந்த இடத்திலேயே பூட்டிவிடுங்கள். அப்படிச் செய்தால் முன்னே இருக்கும் ஒன்றைத் திருத்தும்போது பின்னே இருப்பவை இடம் மாறாது. ஆங்கரை மறந்தவர்கள்தான் 'ஒன்றைச் சரிசெய்தால் எல்லாம் கெடுகிறது' என்று அலுத்துப்போய்ப் பணம் கொடுக்கப் போகிறார்கள். நாலரை நிமிடப் பாட்டில் சுமார் 135 ஆவர்த்தனம் வரும். கேட்கப் பயமாக இருக்கும், ஆனால் இரண்டு மாலைப்பொழுதில் முடிந்துவிடும். முடிந்ததும், தட்டுக்குத் தட்டு க்ளிக் ஒலிக்கும் மெட்ரோனோமைப் போட்டு, பாதி வேகத்தில் முழுப் பாட்டையும் கேளுங்கள். க்ளிக்கும் தபேலாவும் ஒரே சத்தமாகக் கேட்டால் சரி. இரண்டாகப் பிரிந்து கேட்கும் இடத்தை மட்டும் திருத்துங்கள். இது முடியும்வரை ஒரு நோட்டுகூட வைக்க வேண்டாம்.

நோட்டு வைப்பதில் நீங்கள் நன்றாகவே செய்திருப்பீர்கள் போலத் தெரிகிறது, அதனால் ஒன்று மட்டும். எக்ஸ்பர்ட் மட்டத்தோடு நிறுத்தாமல், பச்சை, சிவப்பு, மஞ்சள் மட்டும் வரும் ஈஸி மட்டத்தையும் செய்யுங்கள். அசல் கிதார் வாசித்தவர்களுக்கு இந்தப் பொத்தான் கிதார் முதலில் எரிச்சலாகத்தான் இருக்கும். விரல் தேடும் ஸ்வரம் அங்கே இருக்காது. மேலே போகிறதா கீழே வருகிறதா என்ற போக்கு மட்டும்தான் அதில் இருக்கும்.

கிதார் இன்னும் வாங்கவில்லை என்றால் கவனம். செகண்ட் ஹேண்டில் 'பிசியில் ஓடும்' என்று சொல்லி விற்கும் பிளேஸ்டேஷன் 3 கிதாருக்கு அதோடு வந்த யுஎஸ்பி டாங்கிள் (கணினியில் செருகும் சின்ன வயர்லெஸ் கருவி) அவசியம். அது தொலைந்து போனதால்தான் பல பேர் விற்கிறார்கள். டாங்கிள் செருகி, ஒவ்வொரு பொத்தானும் வேலை செய்வதை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். எக்ஸ்பாக்ஸ் 360இன் வயர் உள்ள கிதார் கிடைத்தால் அது நேரடியாகக் கணினியில் செருகிக்கொள்ளும்.

உரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நாளை யாராவது பயமுறுத்துவார்கள். குழு வாசித்தது என்றாலும் பாட்டு சினிமாப் பாட்டாகத்தான் இருக்கும். அதன் மெட்டுக்கும் வரிக்கும் உரிமையாளர்கள் உண்டு. வீட்டில் குடும்பத்தோடு வாசிப்பதற்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52, சொந்த உபயோகம் என்று இடம் கொடுக்கிறது. கவலை வேண்டாம். இணையத்தில் பகிர நினைத்தால் ஒலி இல்லாமல் சார்ட்டை மட்டும் கொடுங்கள். யூடியூபில் ஏற்றினால் உரிமைக் கோரிக்கை வரலாம். அது சேனலுக்கு எதிரான எச்சரிக்கையான ஸ்ட்ரைக் இல்லை, பதற வேண்டாம். 'நான் அனுமதி வாங்கித் தருகிறேன்' என்று காசு கேட்பவரை மட்டும் நம்பாதீர்கள். ஓசு என்ற தாள கேமில், கலைஞர்களிடம் முன்கூட்டியே உரிமம் வாங்கி வைத்து, இவர்கள் பாட்டுகளுக்குத் தாராளமாகச் செய்யுங்கள் என்று பட்டியலே கொடுக்கிறார்கள். நம் ஊரில் 1969லிருந்து ஐபிஆர்எஸ் என்ற இசை உரிமைச் சங்கம் இருக்கிறது, பெரிய பெரிய இசைக் கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் இருநூறு ரூபாய் கட்டி, இந்தப் பாட்டுக்கு ஒரு சார்ட் செய்து பகிர்கிறேன் என்று கேட்க நினைக்கும் ரசிகருக்கு ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. காசு கொடுக்கத் தயாராக இருப்பவரிடம் வாங்காமல், அப்புறம் திருட்டு என்று புலம்புவதை எத்தனை வருஷம்தான் கேட்பது?

சாங் இனி கோப்பில் ஆர்டிஸ்ட் என்ற இடத்தில் குழுவின் பெயரை எழுதுங்கள், சார்ட்டர் என்ற இடத்தில் உங்கள் பெயர். பாட்டு தொடங்கும்போது திரையில் அவை வரும்.

கடைசியாக, பிறந்தநாளன்று எந்த டிவியில் வாசிக்கப் போகிறாரோ அதிலேயே, முதல் நாள் ராத்திரி, டிவியின் கேம் மோடைப் போட்டுவிட்டு, தாமதத்தை அளந்து ஈடுசெய்யும் குளோன் ஹீரோவின் கேலிப்ரேஷனை ஒருமுறை செய்யுங்கள். உங்கள் லேப்டாப்பில் பொருந்திய எண் அந்த டிவிக்குப் பொருந்தாது. ப்ளூடூத் ஸ்பீக்கரை அன்று எடுத்து வைத்துவிடுங்கள், ஒலி வயரிலேயே போகட்டும்.