கில்காமேஷைத் தவிர சுமேரியர்களிடம் வேறு வீரகதைகள் உண்டா? எதிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

உண்டு. பழங்காலத்தில் தெற்கு ஈராக்கில் வாழ்ந்த அந்த மக்களின் கதைகளில், லுகல்பண்டா என்னும் நாயகனிலிருந்து தொடங்குங்கள் என்பேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். புத்தகக் கடைகளில் கிடைக்கும் 'கில்காமேஷ் காவியம்' சுமேரிய மொழியில் எழுதப்பட்டது அல்ல. அது அதே நிலப்பகுதியில் வழங்கிய இன்னொரு பழைய மொழியான அக்காடியத்தில் எழுதப்பட்ட காவியம். 1872இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்மித் லண்டனில் படித்துக் காட்டி உலகையே வியக்கவைத்த பிரளயக் கதையும் அந்த அக்காடியக் காவியத்தின் பகுதிதான். சுமேரியத்தில் கில்காமேஷைப் பற்றி இருப்பவை ஐந்து தனித்தனிக் கவிதைகள். காவியத்தில் கில்காமேஷின் தோழனாக வரும் என்கிடு, அவற்றில் பெரும்பாலும் அவனுடைய பணியாளாகவே வருகிறான். காவியத்தில் அவர்களுக்குள் இருக்கும் உயிர் நட்பு பின்னால் வளர்ந்தது.

கில்காமேஷ் உருக் நகரத்து மன்னன். அவனுக்கு முன்பே அந்நகரை ஆண்டவர்களாக என்மெர்கார், லுகல்பண்டா இருவரையும் சுமேரிய அரசர் பட்டியல் சொல்கிறது. உருக் இன்றைய தெற்கு ஈராக்கில் வர்கா என்னும் மண்மேடு. பட்டியலின்படி என்மெர்கார் 420 ஆண்டுகள், மேய்ப்பனான லுகல்பண்டா 1200 ஆண்டுகள், கில்காமேஷ் 126 ஆண்டுகள் ஆண்டார்கள். இந்த எண்களை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த மக்கள் தங்கள் நாயகர்களை எவ்வளவு உயரத்தில் வைத்திருந்தார்கள் என்பது புரிகிறது.

இனி லுகல்பண்டா.

தூர மலைகளுக்கு அப்பால் அரட்டா என்று ஒரு நாடு. பொன்னும் நீலக்கல்லும் நிறைந்த நாடு. என்மெர்கார் அதன்மேல் படையெடுக்கிறான். படையில் ஏழு சகோதரர்கள். எட்டாவது லுகல்பண்டா, எல்லோருக்கும் இளையவன். பாதி வழியில் அவனுக்கு நோய் கண்டுவிடுகிறது. தூக்கிச் சுமக்கவும் முடியாது, படையை நிறுத்தவும் முடியாது. அண்ணன்மார் அவனை ஒரு மலைக்குகையில் கிடத்தி, பேரீச்சம்பழம், அத்திப்பழம், பாலாடைக்கட்டி எல்லாம் பக்கத்தில் வைத்துவிட்டு, அழுதுகொண்டே போகிறார்கள். பிழைத்தால் உண்ணட்டும்; இறந்தால் திரும்பி வரும்போது உடலை எடுத்துப் போகலாம் என்பது அவர்கள் கணக்கு.

ஒரு வீரகதை இப்படித் தொடங்குவதை நான் அதற்கு முன் எங்கும் படித்ததில்லை. நாயகன் கையில் வில் இல்லை, எதிரே பகைவன் இல்லை, காய்ச்சலும் இருட்டும்தான். இரண்டரை நாள் கழித்துச் சூரிய தேவன் உத்துவை நோக்கி அழுகிறான். தாய் இல்லாத, தந்தை இல்லாத, தெரிந்தவர் யாருமில்லாத இடத்தில் என்னைச் சாகவிடாதே. 'ஐயோ மகனே' என்று சொல்ல அம்மா இங்கே இல்லை, 'ஐயோ தம்பி' என்று சொல்ல அண்ணன் இங்கே இல்லை என்கிறான். நான்காயிரம் ஆண்டுப் பழமையான புலம்பல். அதை முதன்முதல் படித்த இரவு என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை.

அவன் பிழைத்துக்கொள்கிறான். கற்களைத் தட்டி நெருப்பு உண்டாக்குகிறான், இதுவரை செய்தறியாத அப்பத்தைத் தானே சுட்டுப் பார்க்கிறான்.

அடுத்த கவிதையில் அன்சு என்னும் மாபெரும் பறவையின் கூட்டைக் காண்கிறான். சிற்பங்களில் சிங்கத் தலையோடு இருக்குமே, அந்தப் பறவை. தாயும் தந்தையும் இரை தேடிப் போயிருக்க, கூட்டில் குஞ்சு மட்டும். லுகல்பண்டா அதற்குத் தேன் கலந்த அப்பம் ஊட்டுகிறான், ஆட்டுக் கொழுப்பும் உப்பிட்ட இறைச்சியும் கொடுக்கிறான், கண்ணுக்கு மை தீட்டுகிறான், தலையில் தேவதாரு வாசனை பூசுகிறான். என் மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது மை தீட்டும் இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "நம்ம பாப்பாவுக்கு வெச்ச மாதிரியா அப்பா?" என்றாள். ஆமாம், அப்படியேதான்.

அன்சு திரும்பி வந்து குரல் கொடுக்கிறது. எப்போதும் பதில் குரல் கொடுக்கும் குஞ்சு இன்று பேசவில்லை. யாரோ கொண்டுபோய்விட்டார்கள் என்று பெற்றவர்கள் இருவரும் மலை அதிர அலறுகிறார்கள். அப்புறம்தான் கூடு தெய்வம் குடியிருக்கும் இடம்போல் அலங்கரிக்கப்பட்டிருப்பதை அன்சு பார்க்கிறது. இதைச் செய்தவனுக்கு வரம் தர நினைத்து, படகு நிறையப் பொருள், குறி தவறாத அம்பு, போர்க் கவசம் என ஒவ்வொன்றாகச் சொல்கிறது. லுகல்பண்டா எதையும் ஏற்கவில்லை. தொடையில் ஓடும் வலு வேண்டும், களைப்பே வரக்கூடாது, கண் பார்க்கும் இடத்துக்குக் கால் போக வேண்டும் என்கிறான். வழியில் நடக்க முடியாமல் விழுந்து கைவிடப்பட்டவன் வேறென்ன கேட்பான்? கவிஞர் இதை விளக்காமல் விட்டிருக்கிறார், அதுதான் எனக்குப் பிடித்தது. வரத்தைத் தோழர்களிடம் சொல்லாதே என்று மட்டும் பறவை எச்சரிக்கிறது.

அரட்டாவில் ஓராண்டாக முற்றுகை. கோட்டை விழவில்லை. உருக் நகரில் இருக்கும் இனானா தேவியிடம் போய்க் கேட்டு வர யாராவது வேண்டும். படையில் ஒருவரும் முன்வரவில்லை. லுகல்பண்டா தனியாகவே போகிறேன் என்கிறான். பெரிய மலைகளில் தனியாள் போனால் திரும்ப மாட்டாய் என்று அண்ணன்மார் தடுக்கிறார்கள். இதே தம்பியை மலையில் தனியே விட்டவர்கள்தான். அவன் ஏழு மலைகளைத் தாண்டி, நள்ளிரவுக்கு முன், இனானாவின் படையல் மேசை வைக்கப்படும் முன்னமே ஊர் மண்ணில் கால் வைக்கிறான்.

அதற்குப் பிறகு 'என்மெர்காரும் அரட்டா மன்னனும்' படியுங்கள். தூதன் நீண்ட செய்தியை ஒப்பிக்க முடியாமல் திணற, என்மெர்கார் களிமண்ணைத் தட்டி அதில் சொற்களைப் பதிக்கிறான். எழுத்து பிறந்த கதையைச் சுமேரியர்கள் இப்படிச் சொல்லிக்கொண்டார்கள். பிறகு 'கில்காமேஷும் அகாவும்'. கிஷ் நகரத்து அகாவுக்குப் பணிந்துபோ என்று முதியோர் சொல்ல, எதிர்த்து நில் என்று இளைஞர்கள் சொல்லும் சிறிய கவிதை. தெய்வ அற்புதங்கள் அதில் அநேகமாக இல்லை.

இவற்றில் பல பிரதிகள் நிப்பூர் நகரத்து மாணவர்கள் கி.மு. 18ஆம் நூற்றாண்டு வாக்கில் களிமண்ணில் எழுதிப் பழகியவை. அப்போதே சுமேரியம் வீட்டில் பேசும் மொழியாக இல்லை. பாடமாகப் படித்த பிள்ளைகளின் கையெழுத்தில்தான் லுகல்பண்டா நமக்குக் கிடைத்திருக்கிறான்.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சுமேரிய இலக்கியத் தொகுப்புத் தளத்தில் இவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு இலவசமாகவே இருக்கிறது. 'மலைக்குகையில் லுகல்பண்டா' என்பதை முதலில் திறங்கள். இடையிடையே உடைந்த வரிகள் வரும், நிறுத்தாமல் போய்க்கொண்டே இருங்கள். சீக்கிரமே அந்தப் புலம்பல் வந்துவிடும்.